சென்னைக்குள் வீடு மாற்ற நம்பகமான ஆள் பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

குரோம்பேட்டையிலிருந்து மடிப்பாக்கத்துக்கு ஒரு வண்டி போய்வர டீசல் செலவு பெரிதாக ஒன்றும் ஆகாது. காசெல்லாம் படிக்கட்டில்தான் போகிறது. இரண்டாவது மாடியிலிருந்து பீரோவை இறக்கி, இன்னொரு வீட்டின் மாடிக்கு ஏற்றுகிற உழைப்புக்குத்தான் நாம் கூலி கொடுக்கிறோம். ஊர்விட்டு ஊர் போனால் தூரம் விலையை முடிவு செய்யும். ஊருக்குள்ளேயே மாறும்போது மாடி, சாமான், நாள், தெருவின் அகலம் ஆகிய நான்கும்தான் முடிவு செய்கின்றன. இவற்றை முன்கூட்டியே விவரமாகச் சொல்பவருக்கு நியாயமான விலை கிடைக்கும். சொல்லாமல் விட்டவரிடம், பாதி சாமான் வண்டியில் இருக்கும்போது, "சார், லிஃப்ட் இல்லைன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்று ஆரம்பிப்பார்கள். அதில் அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கும் என்பதுதான் சங்கடம்.

சென்னையை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் தெருப்பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

முதல் படி: பால் காய்ச்சும் நாளையும் வண்டி வரும் நாளையும் பிரியுங்கள்

செலவைக் குறைக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. மாதத்தின் கடைசி நாட்களிலும் முதல் வாரத்திலும்தான் ஊரே வீடு மாற்றுகிறது. வாடகைக் கணக்கு அப்படி. அதோடு ஞாயிறும் முகூர்த்த நாளும் சேர்ந்துவிட்டால் லோடுமேன் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும் அதே ஆட்கள் காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு என்று ஓடுவார்கள். மதியம் சிக்கும் வீடு உங்களுடையதாக இருந்தால், களைத்த கைகள்தான் உங்கள் கண்ணாடி அலமாரியைத் தூக்கும்.

நல்ல நாள் பார்ப்பவர்கள் அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. குறித்த நேரத்தில் சாமி படம், விளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடம் தண்ணீரோடு போய்ப் பால் காய்ச்சிவிட்டு வாருங்கள். அதற்கு ஒரு ஆட்டோ போதும். மற்ற சாமான்களை அடுத்து வரும் செவ்வாயோ புதனோ சாவகாசமாகக் கொண்டு போகலாம். பல குடும்பங்களில் இது ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதுதான். ஆடியிலும் மார்கழியிலும் வண்டிக்காரர்களுக்கு வேலை குறைவு. அந்த மாதங்கள் தொடங்குவதற்கு முன்பே பால் காய்ச்சி முடித்தவர்கள், சாமானை அந்த மாதத்தில் ஏற்றினால் பேசுவதற்கு நிறைய இடம் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் சம்மதித்தால், அவ்வளவுதான்.

இதற்குப் புது வீட்டுச் சாவி இரண்டு மூன்று நாட்கள் முன்னதாகக் கையில் இருக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும்போதே வீட்டுக்காரரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். வீடு காலியாகத்தானே கிடக்கிறது, பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். பணம் கைமாறிய பிறகு கேட்டால் வேறு பதில் வரும்.

மழையும் கணக்கில் உண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற பகுதிகளுக்குப் போகிறீர்கள் என்றால், வண்டி வாசல்வரை வருமா என்பதே வானிலையைப் பொறுத்தது. அந்த மாதங்களில் நாளைத் தள்ளிப்போட்டால் அட்வான்ஸ் திரும்பி வருமா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சாமான் பட்டியல்

"ரெண்டு பெட்ரூம் வீடு, சாதாரண சாமான்தான்" என்று சொல்வது பட்டியல் ஆகாது. யார் வீட்டுச் சாமானும் அவரவருக்குச் சாதாரணம்தான். பரண்மேல் இருப்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அண்டா, குத்துவிளக்கு, கொலு பொம்மைப் பெட்டி, பழைய தொட்டில், பிள்ளைகளின் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். பால்கனியில் இருக்கும் பூந்தொட்டிகளும் அப்படித்தான். மண்ணோடு சேர்ந்து ஒவ்வொன்றும் நல்ல கனம்.

பெரிய சாமான்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். பீரோ எத்தனை, கட்டில் மரமா இரும்பா, கழற்ற முடியுமா, ஃபிரிட்ஜ் எத்தனை கதவு, வாஷிங் மெஷின் மேலே திறப்பதா முன்னால் திறப்பதா, இன்வெர்ட்டர் பேட்டரி உண்டா, கிரைண்டர், சோபா. சின்னச் சாமான்களுக்கு "சுமார் இருபது பெட்டி, ஐந்து மூட்டை" என்ற அளவு போதும். பிறகு கைபேசியில் ஒவ்வொரு அறையையும், பரணையும் சேர்த்து, ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் நேரில் வந்து பார்க்க முடியாவிட்டால் இதை அனுப்பலாம். நாளைக்கு ஏதாவது உடைந்தால், முன்பு எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியும் இதுவே. நகையும் பணமும் மட்டும் வீடியோவில் விழக் கூடாது.

பட்டியல் போடும்போதே எதை எடுத்துப்போக வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும். பழைய பேப்பர் கடைக்குப் போக வேண்டியதை வண்டியில் ஏற்றி, கூலி கொடுத்து, புது வீட்டுப் பரணில் வைப்பது நம்மில் பலருக்கும் உள்ள வழக்கம்.

மூன்றாம் படி: எந்த வண்டி?

குட்டி யானை என்று எல்லோரும் சொல்லும் டாடா ஏஸ் சுமார் ஏழடி நீளத் தொட்டி கொண்டது, முக்கால் டன் அளவுக்குச் சுமக்கும். தோஸ்த், பொலிரோ பிக்கப் வகை அதைவிடக் கொஞ்சம் பெரியவை, ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். டாடா 407 சுமார் பத்தடி. அதற்கு மேல் பதினாலடி ஐஷர் லாரி. வீட்டுச் சாமானில் எடையைவிட இடம்தான் பிரச்சினை. மெத்தையும் சோபாவும் எடையே இல்லாமல் தொட்டியை அடைத்துக்கொள்ளும்.

ஒரு படுக்கையறை வீட்டுக்குக் குட்டி யானை ஒரே நடையில் முடித்துவிடும், சாமான் அதிகமென்றால் இரண்டு நடை. இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 407 பொருத்தம். ஆனால் மேற்கு மாம்பலம், திருவல்லிக்கேணி, புரசைவாக்கம் போன்ற இடங்களின் குறுகிய சந்துகளில் பெரிய வண்டி நுழையாது. நுழைந்தாலும் திரும்ப முடியாது. முனையில் நிறுத்திவிட்டு அங்கிருந்து கையில் தூக்கி வந்தால் அதற்குத் தனிக் கூலி. இரண்டு வீடும் மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் என்றால், சந்துக்குள் பெரிய வண்டியைத் திணிப்பதைவிடக் குட்டி யானையில் இரண்டு நடை அடிப்பதே மேல் என்பேன். பெரிய லாரிகளுக்கு நகருக்குள் நேரக் கட்டுப்பாடும் உண்டு.

போகிற இடம் அடுக்குமாடி என்றால் சங்கத்தில் விசாரியுங்கள். சாமான் ஏற்ற எந்த நேரம் அனுமதி, ஞாயிறு உண்டா, எந்த லிஃப்டைப் பயன்படுத்தலாம், அதற்குக் கட்டணமோ முன்பணமோ உண்டா, வாயில் வளைவின் உயரம் எவ்வளவு. பழைய வீட்டுச் சங்கத்திலும் நிலுவை இல்லை என்ற கடிதம் கேட்கலாம். கையில் அது இல்லாமல் காவலாளி கேட்டைத் திறக்காத இடங்கள் இருக்கின்றன.

நான்காம் படி: ஆளை எங்கே தேடுவது?

இணையத்தில் தேடுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தளத்தில் எண்ணைக் கொடுத்த ஐந்தாவது நிமிடம் பத்துப் பேர் அழைப்பார்கள். நல்லவர் யார், தரகர் யார் என்று பிரிப்பதே தனி வேலையாகிவிடும்.

நான் முதலில் கேட்கச் சொல்வது புது வீட்டுக் காவலாளியை. மாதாமாதம் யார் வந்து எப்படி இறக்குகிறார்கள், யார் லிஃப்டில் கீறல் போட்டார்கள், யார் இடையில் சண்டை போட்டார்கள் என்று எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். "அண்ணே, போன மாசம் மூணாவது மாடிக்கு வந்தவங்க யாரை வெச்சு இறக்கினாங்க?" என்று கேளுங்கள். காவலாளி இல்லாத வீடென்றால், சமீபத்தில் குடிவந்த பக்கத்து வீட்டாரைக் கேட்கலாம்.

அடுத்தது, உங்கள் பகுதியின் மரச்சாமான் கடை, ஃபிரிட்ஜ்-டிவி கடை வாசலில் நிற்கும் லோடு வண்டிகள். இவர்கள் தினமும் பீரோவையும் ஃபிரிட்ஜையும் படியேற்றிக் கொடுத்துப் பழகியவர்கள். கீறல் விழுந்தால் கடைக்காரர் கூலியில் பிடிப்பார் என்பதால் கையில் நிதானமும் இருக்கும். கல்யாணத்துக்குப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் கடைகளிலும் வண்டியும் தூக்கத் தெரிந்த பையன்களும் உண்டு. முகூர்த்தம் இல்லாத நாட்களில் அவர்களுக்கும் வேலை தேவை.

மணல், செங்கல் ஏற்றும் ஆட்களை நான் அழைக்க மாட்டேன். பலத்துக்குக் குறைவிருக்காது. ஆனால் செங்கல்லுக்குக் கீறல் விழுந்தால் யாரும் கேட்பதில்லை என்ற பழக்கம் கையில் இருக்கும். காய்கறி, மீன் ஏற்றும் வண்டியென்றால் தொட்டியைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். மெத்தையில் ஏறிய வாடை எளிதில் போகாது.

போர்ட்டர் போன்ற செயலிகளில் வண்டி பிடிப்பது சாமான் குறைவாக உள்ளவர்களுக்கு, தனியாக அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளுக்கு நல்ல வழி. விலை முன்கூட்டியே தெரியும், வண்டி எங்கே வருகிறது என்றும் தெரியும். இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஓட்டுநர் வண்டி ஓட்டத்தான் வருகிறார். தூக்க ஆள் வேண்டுமென்றால் அதைப் பதிவு செய்யும்போதே சேர்க்க வேண்டும், அல்லது நீங்கள் தனியாக ஆள் வைத்திருக்க வேண்டும். இரண்டாவது, ஏற்ற இறக்கக் குறிப்பிட்ட நிமிடங்கள்தான் இலவசம். அதைத் தாண்டினால் காத்திருப்புக் கட்டணம் ஓடும். வண்டி வந்த பிறகு பெட்டிக்கு டேப் ஒட்டத் தொடங்கினால் கட்டண மிச்சம் அங்கேயே கரைந்துவிடும்.

பேக்கர்ஸ் நிறுவனங்கள் கட்டுவது முதல் அடுக்குவதுவரை பார்த்துக்கொள்ளும். இருவரும் வேலைக்குப் போகும் வீடு, வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு, கண்ணாடிச் சாமான் நிறைய உள்ள வீடு என்றால் அந்தப் பணம் தகும். மற்றவர்கள் தாங்களே கட்டிக்கொண்டு, ஏற்றி இறக்க மட்டும் ஆள் வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: விலை கேட்பது

குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள். மூவருக்கும் ஒரே செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சில் ஒருவரிடம் சொன்னதை இன்னொருவரிடம் விட்டுவிடுவோம், அப்புறம் விலைகளை ஒப்பிட முடியாது. செய்தி இப்படி இருக்கலாம்:

"அண்ணே, வணக்கம். வரும் புதன்கிழமை காலை 8 மணிக்கு வீடு மாற்ற வேண்டும். இப்போதைய வீடு குரோம்பேட்டை, 2ஆவது மாடி, லிஃப்ட் இல்லை, படி குறுகல். போகும் வீடு மடிப்பாக்கம், 1ஆவது மாடி, லிஃப்ட் இல்லை. இரண்டு வாசலுக்கும் 407 வரும். பட்டியலும் வீடியோவும் கீழே. கட்டில் ஒன்றைக் கழற்றி மாட்ட வேண்டும். பெட்டி நாங்களே கட்டிவைப்போம். வண்டி, ஆள், மாடிக்கூலி, கயிறு, தார்ப்பாய் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? எத்தனை பேர் வருவீர்கள்? ஒரே நடையா?"

கடைசி மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்பது பதில் ஆகாது.

எப்படி ஒப்பிடுவது என்பதற்கு ஒரு கணக்கு. எண்கள் புரிவதற்காக நானே வைத்துக்கொண்டவை, உங்கள் பகுதி விலை வேறாக இருக்கும். முதலாமவர் வண்டிக்கு 2,200 ரூபாய், ஆளுக்கு 900 வீதம் மூன்று பேர் என்கிறார். 4,900 என்று மனது கணக்குப் போட்டுவிடும். மாடிக்கூலி மாடிக்கு 400 என்றால் மூன்று மாடிக்கு 1,200. கட்டிலைக் கழற்றி மாட்ட 600. ஆக 6,700. இரண்டாமவர் எல்லாம் சேர்த்து 6,500 என்கிறார். மூன்றாமவர் பட்டியலைத் திறந்தே பார்க்காமல் "3,800க்கு முடிச்சுடலாம், ஆயிரம் அனுப்புங்க" என்கிறார். இரண்டாமவரிடம் பேசி முடிக்கலாம். மூன்றாமவரை விட்டுவிடுங்கள். கேள்வியே கேட்காமல் மலிவாக விலை சொல்பவர், கேட்க வேண்டியதை இறக்கும் இடத்தில் கேட்பார்.

பேரம் பேசலாம், தப்பில்லை. ஆள் எண்ணிக்கையைக் குறைத்து மட்டும் பேசாதீர்கள். நான்கு பேர் தூக்க வேண்டியதை இரண்டு பேர் தூக்கினால் சுவரும் பீரோவும் அடிபடும், அந்த ஆட்களின் முதுகும் போகும்.

நிறுவனம் என்றால் சரிபார்க்க வேண்டியவை

ஜிஎஸ்டி எண் கேளுங்கள். பதினைந்து இலக்கம், தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், பதிவான தேதி, பதிவு இப்போதும் செல்லுபடியாகிறதா என்பது தெரியும். ஜிஎஸ்டி வந்ததே 2017 ஜூலையில்தான் என்பதால் அதற்கு முந்தைய தேதியை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் "இருபது வருட அனுபவம்" என்று விளம்பரம் செய்பவரின் பதிவு போன மாதத்தியது என்றால் யோசியுங்கள். வங்கிக் கணக்கின் பெயரும் பதிவுப் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"வங்கிகள் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றது" என்ற முத்திரையைப் பலர் காட்டுவார்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் அந்தப் பட்டியல் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களுக்கானது, லாரி ரசீதை வங்கிகள் ஏற்பது தொடர்பானது. உங்கள் ஃபிரிட்ஜைப் பத்திரமாக இறக்குவார்கள் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. காப்பீடும் அப்படியே. "இன்சூரன்ஸ் உண்டு" என்று சொல்லித் தனியாகப் பணம் கேட்டால், எந்தக் காப்பீட்டு நிறுவனம், பாலிசி எண் என்ன என்று கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் அது வெறும் கூடுதல் கட்டணம்.

முன்பணம் சிறிதாக இருக்கட்டும். மீதி, கடைசிச் சாமான் உள்ளே வந்த பிறகு.

ஆறாம் படி: கட்டுவது

அட்டைப்பெட்டிகளை மளிகைக் கடை, மருந்துக் கடைகளில் கேட்டு வாங்கலாம். உள்ளதில் உறுதியானவை டாஸ்மாக் கடைப் பெட்டிகள். பாட்டில் சுமக்கச் செய்தவை ஆயிற்றே. புது வீட்டு வாசலில் அவை வரிசையாக இறங்கும்போது எதிர்வீட்டார் பார்க்கும் பார்வையை மட்டும் தாங்கிக்கொள்ள வேண்டும். புத்தகங்களைச் சின்னப் பெட்டிகளில் வையுங்கள். பெரிய பெட்டி நிறையப் புத்தகம் வைத்தால் அடி பிய்த்துக்கொள்ளும். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு அரிசிச் சாக்கு போதும். கண்ணாடிச் சாமானுக்குப் பழைய புடவை, துண்டு, போர்வையே நல்ல உறை, எப்படியும் அவற்றையும் எடுத்துப் போகத்தானே வேண்டும்.

பீரோவைக் காலி செய்து, லாக்கர் உட்பட எல்லாவற்றையும் பூட்டிச் சாவியைக் கையில் வையுங்கள். துணியோடு தூக்கினால் கதவு கோணி, பிறகு பூட்டே விழாது. கிரைண்டரின் குழவிக் கல்லைத் தனியாக எடுத்துச் சாக்கில் சுற்றுங்கள். ஃபிரிட்ஜை முதல் நாள் இரவே அணைத்து, உறைந்ததை உருகவிட்டுத் துடைத்துவிடுங்கள். நிமிர்த்தியே கொண்டு போக வேண்டும். வேறு வழியில்லாமல் சாய்த்திருந்தால், புது வீட்டில் சில மணி நேரம் நிறுத்திவைத்த பிறகே இணைப்புக் கொடுங்கள். கம்ப்ரசரின் எண்ணெய் திரும்ப இறங்க வேண்டும். முன்னால் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு, வாங்கும்போது பின்பக்கம் இருந்த போல்ட்டுகளைத் திரும்ப மாட்ட வேண்டும். ஏசியைக் கழற்றும் வேலையை லோடுமேனிடம் விடாதீர்கள். ஏசி மெக்கானிக் வந்து கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரி சாயக் கூடாது, உள்ளே இருப்பது அமிலம்.

கட்டிலின் திருகுகளை ஒரு பையில் போட்டு, கட்டில் சட்டத்திலேயே ஒட்டிவிடுங்கள். நகை, பணம், பத்திரம், சான்றிதழ், மருந்து எல்லாம் உங்கள் கைப்பையில். அவை எங்கே இருக்கின்றன என்று வந்தவர்கள் முன்னால் பேசவும் வேண்டாம்.

ஏழாம் படி: அன்றைய நாள்

வண்டி வந்ததும் எண் பலகையையும் ஓட்டுநர் உரிமத்தையும் படம் எடுத்து வீட்டாருக்கு அனுப்புங்கள். பேசிய ஆட்கள் எண்ணிக்கை வந்திருக்கிறதா என்று ஏற்றத் தொடங்கும் முன்பே பாருங்கள். பெட்டிகளுக்கு எண் போட்டிருந்தால், ஏற்றும்போது ஒருவர், இறக்கும்போது ஒருவர் சரிபார்க்கலாம். பழைய வீட்டில் ஒருவர், புது வீட்டில் ஒருவர் இருப்பது நல்லது. வண்டியோடு ஒருவர் போவதோ பின்னாலேயே டூவீலரில் போவதோ இன்னும் நல்லது. தனியாக மாறும் பெண்கள் அன்று ஒரு உறவினரையோ தோழியையோ கூட வைத்துக்கொள்ளுங்கள்.

புது வீட்டில் எந்தச் சாமான் எந்த அறை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், பீரோவை இரண்டு தடவை தூக்க வேண்டியிருக்காது. குடிக்கத் தண்ணீர், இடையில் டீ, நேரம் நீண்டால் சாப்பாடு. இது பேச்சில் வராத, ஆனால் எல்லோரும் எதிர்பார்க்கும் பங்கு. வேலை நன்றாக இருந்தால் முடிவில் கையில் கொஞ்சம் கொடுங்கள்.

பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் ஃபிரிட்ஜ், டிவி, பீரோ, கண்ணாடி ஆகியவற்றைச் சுற்றிப் பாருங்கள். சின்னக் கீறல் என்றால் பெரிதாக்க வேண்டாம். உடைப்பு என்றால் அப்போதே படம் எடுத்து, மேஸ்திரியிடம் காட்டி, தொகையில் கழிக்கப் பேசுங்கள். வண்டி போன பிறகு பேசுவது கடினம்.

சாமானை இறக்க மாட்டோம், கூடுதல் பணம் கொடு என்று மிரட்டினால் குரலை உயர்த்தாமல், எழுத்தில் ஒப்புக்கொண்ட விலையைக் காட்டுங்கள். உண்மையிலேயே நீங்கள் சொல்லாத சாமான் கூடியிருந்தால் அதற்கு உரியதைக் கொடுப்பது முறை. அப்படி இல்லையென்றால் 100 அல்லது 112க்கு அழையுங்கள், வண்டி எண் உங்களிடம் இருக்கிறது. நிறுவனத்தின் மீதான புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், உங்கள் வாட்ஸ்அப் செய்திகளே அங்கே ஆவணம்.

பழைய வீட்டைப் பூட்டும் முன் மின்மீட்டரைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள், சாவி கொடுத்ததையும் செய்தியாகப் பதிந்துவிடுங்கள். கேஸ் இணைப்பை நகருக்குள்ளேயே வேறு ஏஜென்சிக்கு மாற்ற சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைக்க வேண்டியதில்லை. பழைய ஏஜென்சியிலோ எண்ணெய் நிறுவனத்தின் இணையதளத்திலோ மாற்றத்துக்கு விண்ணப்பித்தால் போதும். விண்ணப்பத்தை வீடு மாறிய அடுத்த நாளே கொடுத்துவிடுங்கள், கையில் இருக்கும் சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்று யாருக்குத் தெரியும்.